பின்சீட்டில் அப்பா

சின்னவள் இரண்டு பைகளோடு பிறந்த வீடு திரும்பியிருந்தாள். கட்டினவனோடு ஒத்துவரவில்லை என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டிலும் யாரும் தோண்டித் துருவவில்லை. வந்த சூட்டோடு ஒரு வேலையும் பிடித்துவிட்டாள். வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் மெஷின்களைக் கழற்றிச் சுத்தம் பண்ணி மாட்டுகிற வேலை. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர்கள் வரவே வேண்டாம் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம், நீலம் தட்டின புகையைக் கக்கிக்கொண்டு அவள் வாங்கின ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

அதைப் பார்த்து அப்பா சிரித்தார்.

மற்றவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம். அம்மா போனதிலிருந்து அந்த வீட்டில் அப்பாவின் சிரிப்பைக் கேட்டவர்கள் கிடையாது. அவர் பேச்சே 'சரி', 'வேண்டாம்', 'அப்புறம்' என்பதற்குள் அடங்கிவிட்டது. அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் பெரியவள். உப்பைக் குறைத்துத் தனியாகச் சமைப்பவள் பெரியவள். நகம் வெட்டி, காது மடலில் முளைக்கும் முடியைக் கத்தரித்து, பேப்பரை மடித்துக் கையில் கொடுப்பவளும் பெரியவள்தான். சிரிப்பு மட்டும் சின்னவளுக்கா?

ராத்திரி முழுக்கப் பெரியவள் புரண்டுகொண்டே இருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கவலையில்லாமல் குறட்டை விட்டார். அந்தக் குறட்டையும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது.

பெரியவளுக்குத் திக்கென்றது. குளியலறை, பின்பக்கம் எல்லாம் தேடிவிட்டு வாசலுக்கு வந்தால், மனுஷர் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தார். அதுவும் தானாக.

ரொம்பச் சின்ன வண்டி. பச்சைப் பெயின்ட்டை யாரோ சுவருக்கு அடிக்கிற மாதிரி பிரஷ்ஷால் பூசியிருந்தார்கள். கீறின இடத்தில் கறுப்பு தெரிந்தது. அதற்கும் கீழே சிவப்பு. வேகம் காட்டும் முள் நாற்பதில் ஒட்டிக்கொண்டதால், நிற்கும்போதும் வண்டி நாற்பதில் போய்க்கொண்டிருந்தது.

சின்னவள் தரையில் மண்டியிட்டு, பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து துருவும் தூசியும் கொட்டின.

"ஒரே கை ஓட்டின வண்டின்னு புரோக்கர் சத்தியம் பண்ணினாம்பா. யாரோ டாக்டராம்."

"டாக்டரா?" அப்பா குனிந்து கைப்பிடியை மோந்து பார்த்தார். "மீன் வியாபாரியா இருக்கும்."

"மீனா? கம்பி பத்த வெச்சிருக்கே பாருங்க, ரெண்டு பக்கமும். பால் கேன் மாட்டியிருப்பாங்க."

"காலையில பால், மத்தியானம் மீன். ரெண்டையும் ஒரே கேன்ல ஊத்தினதால யாவாரம் படுத்துப்போய் வித்திருப்பான்."

சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா நிறுத்தவில்லை. டேங்கின் மேல் பாதி கிழிந்து ஒட்டியிருந்த ஒரு வாத்துப் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த வாத்தை ஒட்டினது இந்த வண்டியை மூணாவதா வெச்சிருந்தவனோட பொண்ணு. முன்னாடி உக்காந்து வருவா. அழுத்தமான பொண்ணு. ஒட்டும்போது அப்பன் திட்டியிருக்கான், அவ கேக்கல."

வாசற்படியில் நின்ற பெரியவளுக்குக் காதில் யாரோ காய்ச்சின எண்ணெய் ஊற்றுகிற மாதிரி இருந்தது. போன மாதம் அவர் பிறந்தநாளுக்கு எத்தனை பிரியமாக அவள் ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள்! "சரி" என்றார். இந்த ஓட்டை உடைசலுக்கு ஒரு பரம்பரையையே கட்டிச் சொல்கிறார்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

அப்பாவின் முகம் மடித்து வைத்த பேப்பர் மாதிரி ஆகிவிட்டது. "அப்புறம்."

இந்த வீட்டில் தன் குரலுக்கு மாத்திரை வாசனை வந்துவிட்டது என்று பெரியவளுக்குத் தோன்றியது. அந்தக் கோபத்தில் பல் தேய்க்கப் போனால் பிரஷ்ஷைக் காணோம்.

"என் பிரஷ் எங்க?"

வீட்டுக்காரர் வாசல் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். கையில் கண்ணாடிக் கடையின் குட்டி ஸ்க்ரூடிரைவர், மூக்கு நுனியில் கரி. "கார்பரேட்டர்ல ஒரே அழுக்கும்மா. பழைய பிரஷ்னு நினைச்சு எடுத்துட்டேன்."

"அது புதுசு!"

"அதான் நல்லாத் தேய்க்குது."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒழுகுகிற குழாய்க்கு ஒரு தடவைகூட வாஷர் மாற்றாத மனுஷர். விடிந்ததும் விடியாததுமாகக் கடையைக்கூடத் திறக்காமல் கொழுந்தியாள் வண்டிக்குப் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார்!

அவள் வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போது எதிர்வீட்டு டீச்சர் வேறு கேட்டருகே நின்றாள். "பரவாயில்லையே, தங்கச்சி வந்ததும் உங்கப்பாவுக்கு உயிர் வந்துடுச்சு! இத்தனை நாள் என்னவோ மாதிரி இருந்தாரே."

"ஆமா" என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டாள் பெரியவள். இத்தனை நாள் அந்த உயிரை உள்ளே பிடித்து வைத்திருந்தது யாராம்?

சின்னவள் பின்னால் ஓடி வந்து ஒரு வெள்ளைக் கேனை நீட்டினாள்.

"அக்கா, அக்கா! வரும்போது பெட்ரோல் வாங்கிட்டு வர்றியா? டேங்கைச் சுத்தமாக் கழுவிட்டேன், சொட்டு இல்ல. மறக்காம ஆயில் கலந்து வாங்கு. இது உன் ஸ்கூட்டர் மாதிரி இல்ல. இதுக்குப் பெட்ரோல்லயேதான் ஆயில் போகணும். இல்லேன்னா உள்ள காஞ்சுபோய் என்ஜின் பிடிச்சுக்கும்."

"எனக்கு ஒரு வேலையும் இல்ல பாரு" என்றாள் பெரியவள். ஆனாலும் கேனை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அவள் கையால் போட்டால் ஊசி வலிக்காது என்று பெயர். வேறு ஆள் குத்த வந்தால், "அந்த அம்மா வரட்டும்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. அன்றைக்கு வழக்கமாக வரும் சர்க்கரை நோயாளி ஒருவர், "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா, இன்னைக்கு யார் மேல கோபம்? பாவம் என் கை என்ன பண்ணிச்சு?"

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். அப்போதும் நினைப்பெல்லாம் ஸ்கூட்டர் மேல்தான் இருந்தது. அவள் முதல் சம்பளத்திலிருந்து சேர்த்து வாங்கின ஸ்கூட்டர். அப்பா அதில் ஒரு நாளும் ஏறினதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர் ஆட்டோவில் முன்னால் போவார், இவள் பின்னால் ஸ்கூட்டரில் போவாள். அப்படி என்ன வெறுப்போ, அவள் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.

மதியம் வேலை முடிந்து பெட்ரோல் பங்க்குக்குப் போனாள். கேனைப் பார்த்ததும் பங்க்காரர் கேட்டார். "ஆயில் கலக்கணுமாக்கா?"

அவர் கையில் ஆயில் பாக்கெட் தயாராக இருந்தது. பல்லால் ஒரு மூலையைக் கடித்துக் கிழித்துக் கேனில் பிழிந்தால் தீர்ந்தது.

பெரியவள் கண்ணுக்கு முன்னால் அப்பாவின் வாரின தலை வந்து நின்றது.

"வேண்டாம்."

"கேன்ல வாங்கறீங்களே, டூ ஸ்ட்ரோக் வண்டின்னா கலக்காம..."

"ஸ்கூட்டருக்குத்தான். வழியில நின்னுடுச்சு."

அவள் உட்கார்ந்திருந்த ஸ்கூட்டர் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பங்க்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தோளைக் குலுக்கிக்கொண்டு பெட்ரோலைப் பிடித்தார்.

பெரியவள் என்ன நினைத்தாள்? வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் மக்கர் பண்ணும். சின்னவள் நாலு உதை உதைத்துப் பார்ப்பாள். மூச்சு வாங்கி, வியர்த்து, புரோக்கர் தலையிலேயே கட்டிவிட்டு வருவாள். ஸ்டூல் வீட்டுக்குள் வந்துவிடும். அவ்வளவுதான் அவள் நினைத்தது. அதற்குமேல் யோசித்தால் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

வீட்டில் சின்னவள் பிளக்கை முடுக்கிக்கொண்டே கேட்டாள். "கலந்தாச்சா?"

"ம்."

"என் தங்க அக்கா! மாமா, நீங்க ஊத்துங்க, என் கையெல்லாம் கரி."

வீட்டுக்காரர் கேனை வாங்கி, புனல் வைத்து ஊற்றினார். பெரியவள் திரும்பிப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே கிக்கரை உதைப்பது கேட்டது. வண்டி கிளம்பிற்று. டட்டட்டட்டென்று தெருவே அதிர்ந்தது. சத்தம் தெருமுனை வரை போனது. நிற்கவில்லை. முனை திரும்பினது. தேய்ந்துபோனது.

அவள் ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

"அப்பா எங்க?"

"அதை ஏன் கேக்கற!" வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மாமா பேண்ட் போட்டுக்கிட்டார்! பெல்ட்டு வேற! தண்ணித்தொட்டி மேடு வரைக்கும் போகலாம், ஊரே தெரியும்னு அவரேதான் சொன்னார். ஏறி உக்காந்துட்டார்."

பெரியவளுக்கு முதலில் வந்தது பயமில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 'ஏறினாரா? அவள் பின்னாலயா?' என்றுதான் முதலில் வயிறு எரிந்தது. அதற்குப் பிறகுதான் கலக்காத ஆயில் ஞாபகம் வந்தது.

"ஏங்க, ஆயில் இல்லாம ஓட்டினா அந்த வண்டி என்ன ஆகும்?"

"நின்னுடும்."

"வேகமாப் போகும்போது?"

"மேட்டுல சூடு ஏறும்ல? திடீர்னு என்ஜின் பிடிச்சுக்கிட்டா பின்சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கும். ஆளைத் தூக்கிப் போட்டுடும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன் கேக்கற?"

அவள் அவசரமாகப் போனை எடுத்தாள். சின்னவளின் போனுக்கு அடித்தாள். அது உள்ளே அலமாரி மேல் சார்ஜில் கிடந்து பாடியது.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தண்ணீர்த்தொட்டி மேட்டுக்குப் போகும் பாதை ஊரைத் தாண்டினதும் வளைந்து வளைந்து ஏறும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஈர முடி முகத்தில் அடிக்க, பெரியவள் ஸ்கூட்டரை முறுக்கினாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தாள். அவள் தாண்டின லாரிக்காரர் கையை நீட்டி என்னவோ திட்டினார். மேலேயிருந்து அந்தச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்காதது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை.

மூன்றாவது வளைவில் தார் ரோட்டின் மேல் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. கோட்டின் முடிவில் பச்சை வண்டி பக்கவாட்டில் கிடந்தது. அதற்கு இரண்டடி அப்பால் பள்ளம்.

"அப்பா!"

"இங்கதான் இருக்கேன். கத்தாத."

பாறை ஓரமாக ஒரு கல்லின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. பேண்ட் முட்டியில் கிழிந்திருந்தது. கண்ணாடி மூக்கில் ஒரு பக்கமாகத் தொங்கியது. சின்னவள் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணுக்கால் அதற்குள் வீங்கிப் பளபளவென்று ஆகியிருந்தது.

பெரியவள் அப்பாவின் கை, தோள், விலா, மண்டை என்று தடவித் தடவிப் பார்த்தாள். எத்தனையோ நரம்பைத் தேடிப் பிடித்த விரல்களால் அவர் நாடியையும் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. இவ கெட்டிக்காரி. வண்டி திடுக்குன்னு பிடிச்சதும் கிளட்சை அமுக்கிட்டா. இல்லேன்னா அந்தப் பக்கம் போயிருப்போம்." அப்பா பள்ளத்தைக் கண்ணால் காட்டினார்.

"எப்பவும் ரெண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கும். பழைய வண்டி ஓட்டற பழக்கம்" என்றாள் சின்னவள். பெரியவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்ன பிரயோஜனம்? எவன் எவன் கையில எப்படி எப்படிச் சீரழிஞ்ச என்ஜினோ. முன்னாடியே உள்ள தேஞ்சுபோயிருக்கு. என் தலையில கட்டிட்டான்."

"பால்காரன்தான் கெடுத்திருப்பான்" என்றார் அப்பா.

பெரியவள் கீழே கிடந்த வண்டியைப் பார்த்தாள்.  இதற்கு முன்னால் யார் யாரிடம் இருந்ததென்றே தெரியாத ஒரு வண்டி. பழியைத் தூக்கி அவர்கள் மேல் போட்டால் எந்தப் பால்காரரும் வந்து மறுக்கப் போவதில்லை. அத்தனை சுலபமாக ஒரு வழி திறந்து கிடந்தது. அந்த வழியாக அவள் மனசு ஒரு எட்டு வைத்தும் பார்த்தது.

அதற்குள் வீட்டுக்காரர் ஒரு குட்டி வேனைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரியவள் ஓடின ஓட்டத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருந்தது. வண்டியையும் சின்னவளையும் வேனில் ஏற்றியதும் அப்பாவுக்கு இடமில்லாமல் போனது.

"ஆட்டோ வரச் சொல்றேம்பா" என்று பெரியவள் போனை எடுத்தாள்.

"எதுக்கு? உன் வண்டி இருக்கே" என்றார் அப்பா.

ஏறி உட்கார்ந்தார். அத்தனை வருஷம் காலியாக இருந்த பின்சீட்டு அவர் பாரத்தில் லேசாக இறங்கியது. சிராய்க்காத கையை அவள் தோளில் வைத்துக்கொண்டார். இறக்கத்தில் பெரியவள் ஊர்ந்து ஊர்ந்து போனாள். கண்ணில் நீர் முட்டி ரோடு மங்கலாகத் தெரிந்தது.

பாதி தூரம் போனதும் அவரே பேசினார். "மெதுவாத்தான் ஓட்டற. நல்லா ஓட்டற."

"இத்தனை நாள் ஏம்பா ஏறல?" என்று கேட்டேவிட்டாள்.

தோளில் வைத்த கையை அப்பா ஒரு தடவை மாற்றி வைத்துக்கொண்டார்.

"நீ ஸ்கூல் முடிச்சப்ப சைக்கிள் கேட்ட. பொட்டப் பிள்ளைக்கு எதுக்குன்னு சொல்லிட்டேன். மழையோ வெயிலோ காலேஜுக்கு நடந்தே போய்ட்டு வந்த. அப்புறம் நீயா சம்பாதிச்சு இந்த வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினப்ப, எந்த முகத்தோட ஏறுவேன்? நீயும் ஏறுங்கன்னு சொல்லல."

"சொல்லலதான்."

"சின்னவகிட்ட எனக்கு அந்தச் சங்கடம் இல்ல. அவ எதையும் கேக்க மாட்டா, எடுத்துக்குவா. அவகூட விளையாடலாம். உன்னைப் பாத்தாத்தான், தப்புப் பண்ணினவன் மாதிரி, உக்காந்திருக்கறவன் எழுந்து நிக்கணும் போல இருக்கும்."

இத்தனை காலம் அவள் அலட்சியம் என்று நினைத்தது கூச்சமாக இருந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, அழுவதா? தோளில் இருந்த கை அவளை இரண்டுக்கும் விடாமல் அழுத்தியது.

வீட்டில் அப்பாவின் காயத்தைக் கழுவி மருந்து போட்டுப் படுக்க வைத்துவிட்டு, பெரியவள் பின்பக்கம் போனாள். சின்னவள் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வீங்கின காலை வாளித் தண்ணீரில் வைத்திருந்தாள்.

"எலும்பு முறியல. மூணு நாலு நாள் ஊனக்கூடாது" என்று அமுக்கிப் பார்த்துச் சொன்னாள் பெரியவள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்துத் தீரவில்லை.

"ஏய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்ரோல்ல..."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"விழுந்து எழுந்ததும் டேங்க் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாத்தேன். கொஞ்சமும் வழவழப்பு இல்ல. வெறும் பெட்ரோல்." சின்னவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் கொடுமையாக இருந்தது. "மறந்துட்டியோன்னு நினைச்சேன். நீ வந்து நின்ன முகத்தைப் பாத்தேன். மறக்கலன்னு தெரிஞ்சுது."

"அப்ப பழுதான என்ஜின், அது இதுன்னு..."

"அப்பா பக்கத்துல இருந்தாரே. வேற என்ன சொல்லச் சொல்ற?"

பெரியவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் வீங்கி, வண்டி போய், திங்கட்கிழமை வேலையும் போகப்போகிற நிலையில் இவள் தனக்கு முட்டுக்கொடுத்திருக்கிறாள். நன்றியில் நெஞ்சு நெகிழ வேண்டிய நேரம். நெகிழத்தான் செய்தது. ஆனால் அந்த நெகிழ்ச்சிக்கு அடியிலேயே பழைய கொள்ளிக்கட்டை அணையாமல் புகைந்தது. பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொண்டாளே!

"என்னைத் திட்டேண்டி" என்றாள்.

"திட்டுவேன். கால் வலி குறையட்டும், நின்னுக்கிட்டுத் திட்டறேன்." சின்னவளின் உதடு கோணியது. சிரிக்கிறாள் என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "உனக்கு என்ன இல்லைன்னு எம்மேல பொறாமைப்பட்ட? வீடு இருக்கு, மாமா இருக்கார், நிலையா ஒரு வேலை இருக்கு. நான் ரெண்டு பையோட வந்தவ. இந்த டப்பா வண்டி ஒண்ணுதான் எனக்கு. அதுல அப்பா ஏறினார்னா, என் முகம் தொங்கிப் போச்சேன்னு தேத்தறதுக்கு ஏறினாருக்கா. அதுகூடவா உனக்குப் புரியல?"

பெரியவளுக்கு அது உறைத்தது. ஸ்டூல், வாத்து, மீன் வியாபாரி, வாரின தலை, எல்லாமே வாழ்க்கை தோற்று வந்த பெண்ணைச் சிரிக்க வைக்க அப்பா பட்ட பாடு. அவர் தன் சந்தோஷத்துக்காகச் சிரிக்கவில்லை. இவளுக்காகச் சிரித்திருக்கிறார்.

"அப்பாகிட்டச் சொல்லாத. அவர் தாங்க மாட்டார்" என்றாள் சின்னவள்.

வேனைக் காலி பண்ணிவிட்டு வந்த வீட்டுக்காரர் கதவோரம் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ, தெரியாது. அவர் பெரியவளைப் பார்த்தார். கண்ணாடி அளவு பார்க்கும்போது ஆளை ஊன்றிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு உள்ளே போய்விட்டார்.

விளக்குப் போடும் நேரம். பெரியவள் அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் தூங்கவில்லை. கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவள் மாத்திரையை நீட்டினாள். 'அப்புறம்' என்று சொல்லவில்லை, வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"வர்ற புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வேண்டாம்" என்றார். "உன் வண்டியிலயே போலாம். போற வழியில எங்கேயாவது நிறுத்து, ரெண்டு பேரும் டீ குடிக்கலாம்."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். இப்போது அது தட்டில் வைத்த மாதிரி எதிரே இருந்தது. கையை நீட்டி எடுத்துக்கொண்டால் போதும். சின்னவள் வாயைத் திறக்க மாட்டாள். வீட்டுக்காரரும் காட்டிக்கொடுக்கிற ரகம் இல்லை.

பெரியவள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வண்டியைப் பால்காரன் கெடுக்கல. மீன்காரனும் கெடுக்கல. ஆயில் கலந்து வாங்கிட்டு வான்னு சின்னவ சொன்னா. பங்க்காரரும் கேட்டார். நான்தான் வேணும்னே வேண்டாம்னேன்."

"ஏன்?"

"நீங்க அவகூடச் சிரிச்சீங்க."

சொல்லி முடித்ததும் அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்கே கேட்டது. அதற்காக இரண்டு உயிர் பள்ளத்து விளிம்பு வரை போய்த் திரும்பியிருக்கிறது.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அழுவாரோ என்று பயந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றார். அவள் தாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"சின்னவளைக் கூப்பிடு. அவளும் இதைக் கேக்கணும்" என்றார்.

இப்போதும் அவளைத்தானா என்று ஒரு முள் நறுக்கென்று குத்தியது. அந்த முள்ளோடேயே பெரியவள் எழுந்தாள், தங்கையைத் தோள் கொடுத்து அழைத்துவரப் பின்பக்கம் நடந்தாள்.